ரணசிகிச்சைக்கு ஒரு குருகுலம்

1882-ம் வருஷத்தில் ஒரு நாள், இரவு இரண்டு மணி. அமெரிக்காவில் ஒரு வீட்டின் சமையலறை மேஜைமீது ஓர் அம்மாளைக் கிடத்தியிருந்தார்கள். உடம்பெல்லாம் மஞ்சள் பூத்திருந்தது. பித்தப்பை இருக்கும் இடம் கட்டிபோல் வீங்கி, தொட்டால் பிராணன் போகிற வலி. முப்பது வயதை எட்டிக்கொண்டிருந்த ஒரு டாக்டர், அந்த மேஜையிலேயே வயிற்றைக் கீறிப் பித்தப்பையைத் திறந்து, சீழை வெளியேற்றி, உள்ளேயிருந்த ஏழு கற்களையும் எடுத்தார். அம்மாள் பிழைத்துக்கொண்டார்.

டாக்டரின் பெயர் வில்லியம் ஸ்டீவர்ட் ஹால்ஸ்டெட். மேஜைமீது கிடந்தவர் அவரைப் பெற்ற தாயார்.

பித்தக் கற்களைக் கீறி எடுப்பது அன்றைய அமெரிக்காவில் ஏறக்குறையக் கேள்விப்படாத காரியம். அந்நியர் வயிறாக இருந்தாலே கை கூசும். ஆனால் ஹால்ஸ்டெட்டுக்கு இது முதல் துணிச்சல் அல்ல. முந்திய வருஷம் அவருடைய சகோதரி பிரசவித்த பின் உதிரப் பெருக்கு நிற்காமல் கண் செருகிக் கிடந்தபோது, பெருக்கை அடக்கிவிட்டு, தம்முடைய ரத்தக் குழாயிலிருந்தே ஊசிக்குழலில் ரத்தம் எடுத்து அவள் உடம்பில் ஏற்றினார். ரத்தத்தில் வகைகள் உண்டு, ஒருவர் ரத்தம் மற்றொருவருக்கு விஷமாகக்கூடும் என்பதை லாண்ட்ஸ்டைனர் கண்டு சொல்வதற்கு அப்போது இன்னும் இருபது வருஷம் இருந்தது. சகோதரி பிழைத்தது தமையனின் கெட்டிக்காரத்தனத்தால் பாதி, தெய்வாதீனத்தால் பாதி.

இப்படிப்பட்ட மனிதரைப் பற்றி இப்போது எழுதக் காரணம் உண்டு. இன்று நம் ஊர்ப் பெரிய ஆஸ்பத்திரி எதற்குள்ளும் நுழைந்து பாருங்கள். கழுத்தில் குழாயும் கண்ணில் தூக்கமுமாக இளம் டாக்டர்கள் வார்டுக்கு வார்டு ஓடிக்கொண்டிருப்பார்கள். வைத்தியப் பட்டம் பெற்றவர்கள்தாம். ஆயினும் இன்னும் மாணாக்கர்கள். மூளைக்கு ஒருவர், எலும்புக்கு ஒருவர், காது மூக்குக்கு ஒருவர் என்று விசேஷ வைத்தியர்கள் உருவாவது இந்த ஓட்டத்தில்தான். 'ரெஸிடெண்ட்' என்று அவர்களை அழைக்கிறோம். அதாவது, ஆஸ்பத்திரியிலேயே குடியிருப்பவர். ரணசிகிச்சையில் இந்தக் குருகுல வாசத்துக்குத் திட்டமான உருவம் கொடுத்தவர் ஹால்ஸ்டெட்.

1852-ம் வருஷம் நியூயார்க் நகரில் பெரிய ஜவுளி வியாபாரியின் மகனாகப் பிறந்தார். செல்வக் குழந்தை. ஏல் சர்வகலாசாலையில் படித்த நான்கு வருஷமும் பந்தாட்டத்திலேயே கண்ணாயிருந்தார்; கால்பந்துக் கோஷ்டிக்குத் தலைவர். அங்குள்ள நூல் நிலையத்தில் அவர் ஒரு புத்தகமாவது இரவல் வாங்கியதாகப் பதிவேட்டில் காணோம் என்று சரித்திரக்காரர்கள் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. தம் பிள்ளைகளின் மார்க்கை நினைத்துக் கவலைப்படும் பெற்றோர் இதைக் கொஞ்சம் கவனிக்கலாம்! கடைசி வருஷத்தில் எப்படியோ சரீர சாஸ்திரப் புத்தகங்கள் இரண்டை விலைக்கு வாங்கினார். அதன் பிறகு பந்து மறந்துபோயிற்று.

1878-ல் ஐரோப்பாவுக்குப் போனார். வியன்னா, வுர்ஸ்பர்க், ஹாலே, பெர்லின் என்று இரண்டு வருஷம் சுற்றினார். பில்ராத், போல்க்மான் போன்ற மகா நிபுணர்கள் கத்தி பிடிப்பதைப் பார்த்தார். அவர் மனத்தில் தைத்தது அவர்களுடைய கைத்திறமை மட்டும் அல்ல. ஒவ்வோர் ஆசிரியரைச் சுற்றியும் இளம் உதவியாளர்கள் பல வருஷ காலம் விடாமல் தங்கிப் படிப்படியாக மேலேறி வருவதைக் கண்டார். அமெரிக்காவிலோ, இரண்டு மூன்று வருஷம் பிரசங்கம் கேட்டுவிட்டு, ஆஸ்பத்திரியில் ஒரு வருஷம் ஒன்றரை வருஷம் நின்றுவிட்டு, பெயர்ப் பலகை மாட்டிக்கொண்டு கத்தியை எடுப்பதே வழக்கம். நோயாளியின் உடம்பிலேயே பாக்கிப் படிப்பை முடித்துக்கொள்ள வேண்டியதுதான்.

நியூயார்க் திரும்பிய ஹால்ஸ்டெட், பகலில் ஓர் ஆஸ்பத்திரி, இரவில் ஓர் ஆஸ்பத்திரி என்று ஆறு இடங்களில் வேலை செய்தார். கண்ணுக்குத் தெரியாத கிருமிகளே ரணத்தில் சீழ் பிடிக்கச் செய்கின்றன என்ற லிஸ்டரின் கொள்கையை அப்போது பலர் பரிகாசம் செய்தார்கள். பெல்வியூ ஆஸ்பத்திரியில் மற்ற வைத்தியர்கள் அழுக்குக் கையோடு ஆபரேஷன் செய்யும் அறையில் கால் வைக்க மாட்டேன் என்று பிடிவாதம் பிடித்து, நண்பர்களிடம் பணம் திரட்டி, ஆஸ்பத்திரித் தோட்டத்தில் தமக்கென்று ஒரு கூடாரம் போட்டுக்கொண்டார். பிரசித்தி வளர்ந்தது. மாணவர்கள் மொய்த்தார்கள்.

அந்த உச்சியில் இருக்கும்போதுதான் வினை வந்தது.

1884-ம் வருஷம் செப்டம்பரில், வியன்னாவைச் சேர்ந்த கார்ல் கோலர் என்ற இளம் வைத்தியரின் கண்டுபிடிப்பு ஒன்று வெளியாயிற்று. கொக்கேயின் கரைசலைக் கண்ணில் விட்டால் கண் மரத்துப்போகிறது. நோயாளி விழித்துக்கொண்டே இருக்க, வலியில்லாமல் ஆபரேஷன் செய்யலாம். ஹால்ஸ்டெட் இதைப் படித்ததும் ஒரு படி மேலே யோசித்தார். மேல்தோலை மரக்கச் செய்வானேன்? நரம்பு புறப்படும் இடத்திலேயே ஊசி போட்டால், அந்த நரம்பு ஆளும் பிரதேசம் முழுவதும் மரத்துப்போகாதா? போயிற்று! இன்று பல் பிடுங்குவதற்கு முன் தாடைக்குள் ஊசி போடுகிறாரே பல் வைத்தியர், அந்த வித்தைக்கு மூலம் இதுதான்.

பரிசோதனையை யார்மீது செய்வது? ஹால்ஸ்டெட்டும் சகாக்களும் மாணவர்களும் ஒருவருக்கொருவர் ஊசி போட்டுக்கொண்டார்கள். கொக்கேயின் மனிதனை அடிமை கொள்ளும் மருந்து என்பது அப்போது யாருக்கும் தெரியாது. களைப்புத் தெரியவில்லை, தூக்கம் வேண்டியிருக்கவில்லை, உற்சாகம் பொங்கிற்று. சில மாதங்களில் மருந்து அவர்களைப் பிடித்துக்கொண்டது. மறு வருஷம் ஹால்ஸ்டெட் இந்த ஆராய்ச்சியைப் பற்றி ஒரு வைத்தியப் பத்திரிகைக்கு எழுதிய கட்டுரையின் முதல் வாக்கியத்தைப் படித்தால் நெஞ்சு பதைக்கும். தலை எங்கே வால் எங்கே என்று தெரியாமல் வாக்கியம் சுற்றிச் சுற்றி அலைகிறது. தெளிந்த அறிவு உடைந்து கிடப்பதை அச்சிலேயே காணலாம். அவருடன் சேர்ந்து ஊசி போட்டுக்கொண்ட இளைஞர்கள் சிலர் மீளவே இல்லை.

மீட்க வந்தவர் வில்லியம் வெல்ச் என்ற நண்பர். 1886-ல் ஹால்ஸ்டெட்டைப் பாய்க்கப்பலில் ஏற்றி மேற்கிந்தியத் தீவுகளின் பக்கம் அனுப்ப ஏற்பாடாயிற்று. மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நிறுத்திவிடலாம் என்பது எண்ணம். கையிருப்புத் தீர்ந்ததும் காப்டனுடைய மருந்துப் பெட்டியை உடைத்து எடுத்தாராம். தாயின் வயிற்றில் கத்தி வைத்தபோது நடுங்காத கை, பூட்டை உடைக்கும் நிலைக்கு வந்துவிட்டது. பிறகு பிராவிடென்ஸ் நகரத்து பட்லர் ஆஸ்பத்திரியில் ஏழு மாதம். அங்கே கொக்கேயினை மறக்கடிக்க மார்பியா கொடுத்தார்கள். அன்றைய வைத்திய ஞானம் அவ்வளவுதான். பேயை ஓட்டப் பிசாசை அழைத்த கதையாயிற்று.

நியூயார்க்கில் இனி அவருக்கு இடம் இல்லை. வெல்ச் அப்போது பால்டிமோர் நகரத்தில் இருந்தார். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் என்ற வணிகர், ஒரு சர்வகலாசாலைக்கும் ஆஸ்பத்திரிக்குமாக எழுபது லட்சம் டாலர் எழுதிவைத்து 1873-ல் காலமாகியிருந்தார். அந்தப் பணத்தில் கட்டடங்கள் எழும்பிக்கொண்டிருந்தன. வெல்ச் நண்பரைத் தம் வீட்டிலேயே வைத்துக்கொண்டு ஆராய்ச்சிக் கூடத்தில் வேலை கொடுத்தார். நாய்களின் குடலைக் கீறித் தைத்துப் பார்த்தார் ஹால்ஸ்டெட். குடல் சுவரின் பல அடுக்குகளில் உட்தோலுக்கு அடுத்து இருக்கும் மெல்லிய ஓர் அடுக்கில் ஊசி பிடித்தால்தான் தையல் நிற்கும் என்று கண்டுபிடித்தார். குடலைத் தைக்கும் டாக்டர்கள் இன்றும் அந்த அடுக்கை நம்பியே தைக்கிறார்கள். 1887-ல் மறுபடி சறுக்கி, மறுபடி பட்லர் ஆஸ்பத்திரிக்குப் போய்வர நேர்ந்தது.

1889-ம் வருஷம் மே மாதம் ஆஸ்பத்திரி திறக்கப்பட்டது. ரணசிகிச்சைப் பகுதிக்கு முதலில் தேடப்பட்டவர் கிளாஸ்கோ நகரத்துப் பேர்பெற்ற மக்கீவன். அவர் வரவில்லை. வெல்ச்சின் சிபாரிசில், தற்காலிகமாக என்று சொல்லி, ஹால்ஸ்டெட்டுக்குக் கொடுத்தார்கள். இரண்டு முறை மனநோய் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மனிதரை நம்பிப் பிறர் உயிரை ஒப்படைப்பதென்றால் இலேசான காரியமா? இந்த ஒரு நம்பிக்கை வீண்போயிருந்தால், இந்தக் கட்டுரைக்கு விஷயமே இல்லை.

வந்தவர் பழைய ஹால்ஸ்டெட் அல்ல. பாய்ந்து பாய்ந்து வேலை செய்த வீரர், கூச்சமும் மௌனமும் நிறைந்த மனிதராகிவிட்டார். ஆபரேஷனிலும் நிதானம். மயக்க மருந்து வருமுன் வலி பொறுக்காத நோயாளியைக் கட்டிப்போட்டு அறுத்த காலத்தில், வேகமே திறமை. 1846-க்குப் பின் மயக்க மருந்து வந்தும் அந்த வேக வழக்கம் போகவில்லை. ஹால்ஸ்டெட்டோ சிறு ரத்தக் குழாயையும் விடாமல் பிடித்துக் கட்டி, மெல்லிய பட்டு நூலால் அடுக்கு அடுக்காகத் தைத்து, தசையைப் பூவைத் தொடுவதுபோல் தொட்டு வேலை செய்தார். அவர் அடியில் ஆபரேஷன் செய்துகொண்டிருக்கும்போதே மேலே ரணம் ஆறத் தொடங்கிவிடுகிறது என்று பார்க்க வந்த ஒரு நிபுணர் கேலி செய்ததாக ஒரு கதை வழங்குகிறது. ஆனால் அவருடைய நோயாளிகளின் ரணங்கள் உண்மையிலேயே ஆறின.

கையுறைக் கதையையும் இங்கே சொல்லிவிட வேண்டும். ஆபரேஷன் அறையின் பிரதம நர்ஸாக இருந்தவர் காரோலின் ஹாம்ப்டன். கிருமி நாசத்துக்காகப் பாதரச உப்புக் கரைசலில் கையை அமிழ்த்துவது வழக்கம். அவருடைய கைத்தோல் அதனால் வெடித்துப் புண்ணாயிற்று. வேலையை விட்டுவிடலாமா என்று இருந்தார். 1889-90 குளிர்காலத்தில் ஹால்ஸ்டெட் குட்இயர் ரப்பர் கம்பெனிக்கு எழுதி, மெல்லிய ரப்பரில் இரண்டு ஜோடிக் கையுறை செய்து தருவித்தார். 1890 ஜூன் மாதம் அந்தக் கைகளையே பற்றி விவாகமும் செய்துகொண்டார்! மோதிரத்துக்குப் பதில் கையுறை கொடுத்த காதலர் வேறு யாரும் இருப்பதாகத் தெரியவில்லை. வேடிக்கை என்னவென்றால், இந்தக் கையுறை நோயாளியையும் காக்கும் என்று அவருக்கே தோன்றவில்லை. உதவியாளர்கள் சௌகரியத்துக்காக மாட்டிக்கொள்ளத் தொடங்கினார்கள். அவர்களில் ஒருவரான பிளட்குட், 450 குடலிறக்க ஆபரேஷன்களின் விவரத்தைத் திரட்டி 1899-ல் வெளியிட்டார். கையுறை வந்த பின் சீழ் பிடிப்பது ஏறக்குறைய இல்லாமலே போய்விட்டது என்று அதில் தெரிந்தது. இவ்வளவு நாள் தாம் குருடாக இருந்ததை ஹால்ஸ்டெட் பிற்பாடு ஒப்புக்கொண்டார். சிஷ்யன் கண்டதைக் குரு ஏற்பது எல்லா இடத்திலும் நடப்பதன்று.

இனி, அவர் அமைத்த குருகுலம். அதன் அமைப்பு நம் ஊர்க் கோபுரத்தைப் போன்றது: அடி அகலம், நுனி குறுகல், உச்சியில் ஒரே கலசம். பட்டம் பெற்ற இளைஞர்கள் சிலர் முதல் வருஷம் சேர்வார்கள். அவர்களில் பொறுக்கி எடுத்தவர்கள் உதவி ரெஸிடெண்டுகள். அவர்களிலும் ஒருவரே பிரதம ரெஸிடெண்ட் ஆக முடியும். இத்தனை வருஷம் என்று கணக்குக் கிடையாது. ஆசிரியர் போதும் என்று நினைக்கும் வரையில் இருக்க வேண்டும். சராசரியாக உதவியாளராக ஆறு வருஷம், பிரதமராக இரண்டு வருஷம் ஆயிற்று. விவாகம் கூடாது, வெளியில் குடியிருக்கக் கூடாது, இரவோ பகலோ அழைத்த குரலுக்கு எழுந்திருக்க வேண்டும். ஆராய்ச்சிக் கூடத்திலும் உழைக்க வேண்டும். இதற்கெல்லாம் பிரதியாகக் கிடைத்தது ஒன்றே: பொறுப்பு. ஒவ்வொரு படி ஏறும்போதும் முன்னைவிடக் கடினமான நோயாளியை அவன் கையில் ஒப்படைப்பார்கள். உச்சிக்கு வந்தவன், குரு செய்யும் எந்த ஆபரேஷனையும் தானே செய்வான். கீழே உள்ளவர்களுக்குக் கற்றும் கொடுப்பான். 1904-ல் தம் பழைய ஏல் சர்வகலாசாலையில் இந்த முறையை விளக்கிப் பேசினார் ஹால்ஸ்டெட். பிறரையும் நல்ல ரண வைத்தியராக்கத் தெரிந்தவனை உண்டாக்குவதே தம் நோக்கம் என்பது அந்தப் பேச்சின் சாரம்.

இந்தப் பொறுப்பு ஒப்படைப்பில் ஒரு ரகசியம் புதைந்து கிடந்தது. ஹால்ஸ்டெட் அடிக்கடி காணாமற்போவார். கோடையில் மாதக் கணக்கில் ஊரில் இருக்க மாட்டார். ஆபரேஷன் நடுவிலேயே உடம்பு சரியில்லை என்று கத்தியை உதவியாளரிடம் கொடுத்துவிட்டுப் போனதும் உண்டு. பிரதம ரெஸிடெண்டாயிருந்த ஹார்வி குஷிங் இதைக் கண்டு எரிச்சல் பட்டார். காரணம் என்ன என்று அவருக்குத் தெரியாது. தெரிந்த வெகு சிலரில் ஒருவர், அதே ஆஸ்பத்திரியின் மகா வைத்தியர் வில்லியம் ஆஸ்லர். அவர் அந்தரங்கமாக எழுதி முத்திரையிட்டு வைத்த குறிப்பு 1969-ல்தான் வெளியுலகுக்கு வந்தது. ஹால்ஸ்டெட் மார்பியாவை விடவே இல்லை! தினம் மூன்று கிரெயின், அதாவது சுமார் 200 மில்லிகிராமுக்குக் கீழே குறைக்க முடியாமல் வருஷக் கணக்கில் போராடினார் என்றும், பின்னர் அதைப் பாதியாகக் குறைத்தார் என்றும் அதில் கண்டிருந்தது.

ஆகவே, சிஷ்யர்களைத் தனியே விட்டது முழுவதும் போதனா தத்துவந்தானா, அல்லது பாதி இயலாமையா என்று கேட்கத் தோன்றுகிறது. இரண்டும் கலந்தது என்பதே என் அபிப்பிராயம். எப்போதும் அருகில் நின்று கையைப் பிடித்திருக்கும் ஆசானிடம் படித்திருந்தால், அந்த இளைஞர்கள் அவ்வளவு சீக்கிரம் தம் காலில் நின்றிருப்பார்களா என்பது சந்தேகம். அதே சமயம், அந்தத் தனிமையில் மேஜைமீது கிடந்த நோயாளிக்கு அது தெரியுமா என்பதையும் யோசிக்காமல் இருக்க முடியவில்லை.

விசேஷப் பிரிவுகளையும் அவர் விசித்திரமாகவே தோற்றுவித்தார். 1897-ல் ஒரு நாள் நடைபாதையில் ஹியூ யங் என்ற இளைஞர் வேகமாக வந்து அவர்மேல் மோதிக்கொண்டார். மன்னிப்புக் கேட்பதற்குள், சிறுநீர் உறுப்புகளின் பகுதியை நீ ஏற்றுக்கொள் என்றார் ஹால்ஸ்டெட். எனக்கு அதில் ஒன்றுமே தெரியாதே என்றார் யங். அது எங்களுக்கும் தெரியும், ஆனால் நீ கற்றுக்கொள்வாய் என்று பதில் வந்தது. அமெரிக்காவில் அந்தச் சாஸ்திரத்தை வளர்த்தவர்களில் தலைசிறந்தவர் ஆனார் யங். காது மூக்குத் தொண்டையை ஸாமுவேல் குரோவிடம் ஒப்படைத்தார். எலும்புக்கு வில்லியம் பேர். மூளைக்குக் குஷிங், அவருக்குப் பின் வால்டர் டாண்டி. இவர்கள் இருவரும் பிற்காலத்தில் ஒருவரையொருவர் கண்டால் ஆகாது என்ற நிலைக்கு வந்தது வேறு கதை. முப்பத்து மூன்று வருஷத்தில் உச்சிக்கு வந்த பிரதம ரெஸிடெண்டுகள் 17 பேரே. அவர்களில் 11 பேர் வேறு ஊர்களில் இதே முறையைத் தொடங்கினார்கள்.

குஷிங் பாஸ்டன் நகரத்துக்குப் போனார். ஹாப்கின்ஸில் பட்டம் பெற்று, பாஸ்டனில் குஷிங்கிடம் வேலை பார்த்தவர் வைல்டர் பென்பீல்டு. அவர் கனடாவில் மாண்ட்ரியால் நகரத்தில் மூளைச் சிகிச்சைக்கென்று ஸ்தாபனம் கண்டார். அங்கே அவரிடம் பயின்ற ஜேக்கப் சாண்டி 1949-ல் நம் வேலூருக்கு வந்து, இந்தியாவின் முதல் மூளை ரணசிகிச்சைப் பகுதியைக் கிறிஸ்துவ வைத்தியக் கல்லூரியில் திறந்தார். பின்னர் அங்கேயே அதற்குப் பயிற்சியும் தொடங்கினார். பால்டிமோரிலிருந்து பாலாற்றங்கரைக்குக் குரு பரம்பரை வந்து சேர்ந்த வழி இது.

குரு பரம்பரையில் குருவின் பிழையும் சேர்ந்தே வரும். மார்பில் புற்று நோய் கண்ட பெண்களுக்கு, மார்பையும் அடியிலுள்ள தசைகளையும் அக்குள் முடிச்சுகளையும் ஒரேயடியாக அகற்றும் பெரிய ஆபரேஷனை ஹால்ஸ்டெட் வகுத்தார். 1894-ல் அவர் வெளியிட்ட 50 நோயாளிகளின் விவரம் அன்று ஆச்சரியம் விளைவித்தது. அதே இடத்தில் நோய் திரும்புவது வெகுவாகக் குறைந்திருந்தது. சிஷ்யர்களும் அவர்தம் சிஷ்யர்களும் சுமார் எண்பது வருஷம் அதையே செய்தார்கள். கை வீங்கி, நெஞ்சு குழிந்து வாழ்ந்த பெண்கள் எத்தனையோ பேர். அவ்வளவு தூரம் வெட்டினாலும் வெட்டாவிட்டாலும் ஆயுளில் பேதமில்லை என்று, 1971-ல் பெர்னார்டு பிஷர் தொடங்கிய பெரும் பரிசோதனை காட்டியது. குரு சொன்னதைச் சோதித்துப் பார்க்க இவ்வளவு காலம் ஆனதற்குக் காரணம், அந்தக் குருகுலத்தின் கட்டுப்பாடே அல்லவா?

தூக்கமும் அப்படித்தான். ஆஸ்பத்திரியிலேயே குடியிருந்து இரவு பகல் உழைப்பதே வித்தை என்ற விரதம் நூறு வருஷம் நீடித்தது. 1984-ல் நியூயார்க்கில் ஓர் ஆஸ்பத்திரியில் பதினெட்டு வயதுப் பெண் ஒருத்தி இறந்தபோது, ஓய்வில்லாத பயிற்சி டாக்டர்களின் நிலை பெரிய விவாதமாயிற்று. 2003-ல் அமெரிக்கா முழுவதும் ரெஸிடெண்டுகளுக்கு வாரம் 80 மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது என்று விதி வந்தது. கோபுர முறையையும் 1930-களின் இறுதியிலேயே பாஸ்டனில் எட்வர்டு சர்ச்சில் மாற்றத் தொடங்கிவிட்டார். எடுத்தவர்களையெல்லாம் கடைசி வரை பயிற்றிவிடுவோம், பாதியில் தள்ளுவானேன் என்பது அவர் வாதம்.

ஹால்ஸ்டெட் கடைசி வரை அதே மனிதர். சட்டைகளைச் சலவைக்குப் பாரிஸுக்கு அனுப்புவார். காப்பிக் கொட்டையை ஒவ்வொன்றாகப் பொறுக்குவார். கோடையில் வடக்குக் கரோலினா மலைப் பண்ணையில் டாலியாச் செடிகளைப் பராமரிப்பார். 1922 ஏப்ரலில் பல் வைத்தியர்களின் சங்கம் பழைய நரம்பூசிக் கண்டுபிடிப்புக்காக அவருக்குத் தங்கப் பதக்கம் அளித்தது. அந்தக் கண்டுபிடிப்புக்கு அவர் கொடுத்த விலையை அங்கே எத்தனை பேர் அறிவார்கள்?

தாயாரை வாட்டிய நோயே அவரையும் வாட்டியது. 1919-ல் அவரிடம் பயின்ற பாலிஸ் என்பவர் அவருடைய பித்தப்பையில் ஆபரேஷன் செய்தார். 1922 ஆகஸ்டில் மலைப் பண்ணையில் மீண்டும் வலி கண்டது. பால்டிமோருக்கு வந்து, தம் சொந்த ஆஸ்பத்திரியிலேயே படுத்தார். தாயாருக்கு அன்று சமையலறை மேஜையும் மகனும் இருந்தார்கள். மகனுக்கு இப்போது, தாமே வருஷக் கணக்கில் உருவாக்கிய இரண்டு சிஷ்யர்கள், ஹியூயரும் ரீடும், இருந்தார்கள். அவர்கள் பித்தக் குழாயிலிருந்த கல்லை எடுத்தார்கள். ஆயினும் நுரையீரலில் ஜுரம் கண்டு, செப்டம்பர் 7-ம் தேதி, எழுபது வயது நிறைவதற்குச் சில தினங்களுக்கு முன் காலமானார். காரோலின் அம்மாளும் அதே வருஷம் நவம்பரில் அதே நுரையீரல் ஜுரத்தில் இறந்துபோனார்.